நிரல் எழுதாமல் மின்னஞ்சல் வேலைகளைத் தானியக்கமாக்குவது: பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்துக்கு எது பொருந்தும்?

நூல்கண்டு (திருப்பூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் நடுத்தர அளவிலான பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் மெர்ச்சண்டைசிங் பிரிவில், அதாவது வாங்கும் நிறுவனங்களின் (பையர்களின்) ஆர்டர்களைக் கவனிக்கும் பிரிவில், பணிபுரிகிறேன். எங்கள் வேலையின் பெரும்பகுதி மின்னஞ்சலில்தான் நடக்கிறது. பையர்களிடமிருந்து பர்ச்சேஸ் ஆர்டர், அதன் திருத்தங்கள், லேப் டிப் (சாயமிட்ட நிற மாதிரி) ஒப்புதல், சாம்பிள் பற்றிய குறிப்புகள் ஆகியவை வருகின்றன; நூல், துணி, ஆக்சசரீஸ் தருபவர்களிடமிருந்து பில்கள் வருகின்றன; ஃபார்வர்டரிடமிருந்து (சரக்கை அனுப்பிவைக்கும் முகவரிடமிருந்து) கப்பல் அட்டவணையும் பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீதின் வரைவும் வருகின்றன. இவை அனைத்தும் ஒரே பொது முகவரிக்கு வந்து சேர்கின்றன.

எங்கள் ஊழியர் ஒருவர் ஒவ்வோர் அஞ்சலையும் திறந்து, இணைப்பை கூகுள் டிரைவில் அந்தந்தப் பையரின் கோப்புறையில் சேமித்து, ஷீட்டில் ஒரு வரி பதிந்து, உரிய மெர்ச்சண்டைசருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் சொல்லி, பையருக்குப் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று பதிலும் அனுப்புகிறார். அவர் விடுப்பில் இருக்கும் நாட்களில் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. எங்களிடம் நிரல் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. நிரல் இல்லாமலே செயலிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளாகச் சாப்பியர், மேக், என்8என், பவர் ஆட்டோமேட் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது, எங்கே தொடங்குவது, இடையில் ஏதாவது ஓர் அஞ்சல் தவறிப்போனால் எப்படித் தெரிந்துகொள்வது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வாய்க்கால் (ஈரோடு) எழுதியது:

வணக்கம் நண்பரே. எந்தச் செயலி என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அந்த ஊழியரின் அருகில் உட்கார்ந்து, ஓர் அஞ்சலைப் பார்த்தவுடன் அவர் எதைக் கொண்டு அதை வகைபிரிக்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அனுப்புநரின் முகவரியைக் கொண்டா, பொருள் வரியில் உள்ள ஆர்டர் எண்ணைக் கொண்டா, இணைப்பின் பெயரைக் கொண்டா, அல்லது அஞ்சலை முழுதும் படித்த பிறகா? முதல் மூன்றையும் இந்தக் கருவிகள் பிழையின்றிக் கண்டுகொள்ளும். நான்காவது வகை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தே உங்கள் திட்டம் எளிதாகவோ கடினமாகவோ அமையும்.

அடுத்து, எந்த வெளிச் செயலியையும் இணைப்பதற்கு முன் ஜிமெயிலில் ஏற்கெனவே இருக்கும் ஃபில்டரையும் லேபிளையும் பயன்படுத்துங்கள். ‘ஆர்டர் புதிது’, ‘பில் புதிது’, ‘கப்பல் புதிது’ என்று மூன்று லேபிள்களும், வேலை முடிந்தவற்றுக்கு ‘பதிவானது’ என்று ஒரு லேபிளும் போதும். முகவரியையும் பொருள் வரியையும் பார்த்து உரிய லேபிளை ஒட்டும்படி ஃபில்டர் அமைத்து, அதிலேயே ‘ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்ற தெரிவையும் குறித்துவிடுங்கள். ஏனெனில் தானியக்கம் வந்த பிறகு ஸ்பேம் பெட்டியை எட்டிப்பார்க்கும் பழக்கம் அலுவலகத்தில் விரைவில் மறைந்துவிடும். சாப்பியரிலோ மேக்கிலோ நீங்கள் அமைக்கும் ஓட்டம் (தாமாக அடுத்தடுத்து நடக்கும் படிகளின் தொடர்) ‘புதிய அஞ்சல் வந்தால்’ என்று தொடங்கக்கூடாது. ‘இந்த லேபிள் ஒட்டப்பட்டால்’ என்றே தொடங்க வேண்டும்.

இதில் உள்ள வசதி பெரியது. ஃபில்டருக்குப் புலப்படாத அஞ்சலை, அதாவது நான் சொன்ன நான்காவது வகையை, உங்கள் ஊழியர் படித்துப் பார்த்துத் தம் கையால் லேபிள் ஒட்டினால் போதும். அதன் பிறகு நடக்க வேண்டிய சேமிப்பு, பதிவு, அறிவிப்பு எல்லாம் தாமாக நடக்கும். பிழையாக ஒட்டப்பட்ட லேபிளை அவரே எடுத்தும் விடலாம். இயந்திரத்தின் விதியும் மனிதரின் தீர்ப்பும் ஒரே வாசல் வழியாக உள்ளே நுழைகின்றன.

ஓட்டத்தின் கடைசிப் படியாக ‘புதிது’ லேபிளை நீக்கி, ‘பதிவானது’ லேபிளை ஒட்டச் செய்யுங்கள். இந்தப் படியை முதலில் வைத்துவிட்டால், நடுவில் ஏதேனும் தடைபட்ட அஞ்சலும் முடிந்துவிட்டதாகவே காட்சியளிக்கும். கடைசியில் வைத்தால், மாலையில் ‘புதிது’ லேபிளின் கீழ் எஞ்சி நிற்பவை எல்லாம் கவனிக்கப்படாதவை என்பது யார் பார்த்தாலும் தெரியும்.

தறிநிழல் (கோயம்புத்தூர்) எழுதியது:

வாய்க்கால் அவர்கள் சொன்ன லேபிள் முறையை முழுமையாக ஏற்கிறேன். கருவிகளின் செலவு பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பலரும் இலவசத் திட்டத்தை நம்பித் தொடங்கி, மாதத்தின் பாதியில் ஓட்டம் நின்றுபோவதைப் பார்க்கிறார்கள்.

சாப்பியர் 2011 முதல் இருக்கிறது. இணைக்கக்கூடிய செயலிகளின் எண்ணிக்கையும் அமைப்பதற்கான எளிமையும் அதன் வலிமை. வெற்றிகரமாக முடிந்த ஒவ்வொரு செயல்படியையும் அது ஒரு ‘டாஸ்க்’ என்று கணக்கிடுகிறது. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் தூண்டலையும் ஃபில்டர் படியையும் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்களுக்கு ஒரு நாளைக்கு 40 அஞ்சல்கள் வருவதாகவும், ஒவ்வொன்றுக்கும் டிரைவில் சேமித்தல், ஷீட்டில் எழுதுதல், அறிவித்தல், லேபிள் மாற்றுதல் என 4 படிகள் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், 26 வேலை நாட்களில் 4,160 டாஸ்க் ஆகிறது. இலவசத் திட்டம் மாதத்துக்கு 100 டாஸ்க்தான் தருகிறது, அதிலும் இரண்டு படி ஓட்டங்களுக்கு மட்டுமே இடமுண்டு. ஆகவே அதைக் கருவியைப் பழகிப்பார்க்கும் வாய்ப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

மேக் என்பது செக் குடியரசின் பிராகாவில் இன்டெக்ரோமேட் என்ற பெயரில் தொடங்கி, 2020இல் செலோனிஸ் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, 2022இல் இப்போதைய பெயரைப் பெற்றது. ஒரே அஞ்சலில் பல இணைப்புகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துச் செல்வதற்கும், நிபந்தனைக்கு ஏற்ப வழி பிரிப்பதற்கும் இது சாப்பியரைவிடத் தெளிவானது என்பது என் கருத்து. ஆனால் இதன் கணக்கு வேறு. புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பதையே அது ஒரு செலவாக எண்ணுகிறது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு நாளைக்கு 96, முப்பது நாளைக்கு 2,880. ஓர் அஞ்சல்கூட வராவிட்டாலும் மாதம் 1,000 என்ற இலவச அளவு பதினோரு நாட்களில் தீர்ந்துவிடும். காலை 9 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டும், வேலை நாட்களில் மட்டும், அரை மணிக்கு ஒருமுறை என்று கால அட்டவணையைக் குறுக்கினால் வெறும் பார்வைக்கான செலவு 520 அளவில் நிற்கும். அரை மணி நேரத் தாமதத்தால் உங்கள் தொழிலில் எந்த ஆர்டரும் கைவிட்டுப் போகாது என்று நினைக்கிறேன்.

இஃப்ட் (IFTTT) என்ற பழைய கருவியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஜிமெயில் தரவைப் படிக்கும் வெளிச் செயலிகளுக்கு கூகுள் 2018 அக்டோபரில் கடுமையான விதிகளை அறிவித்த பிறகு, 2019 மார்ச் இறுதியோடு அது தன் ஜிமெயில் தூண்டல்களை நிறுத்திக்கொண்டது. உங்கள் தேவைக்கு அது உதவாது. அதே விதிகளின் காரணமாகவே, தனிநபர் ஜிமெயில் முகவரியை மேக்கில் இணைக்க விரும்புவோர் கூகுள் கிளவுடில் தமக்கென ஓர் இணைப்புத் திட்டத்தை உருவாக்க வேண்டியிருக்கிறது. வொர்க்ஸ்பேஸ் என்ற கூகுளின் அலுவலகச் சேவைக் கணக்குக்கு அந்தச் சிரமம் இல்லை. திட்டங்களின் அளவும் விலையும் அடிக்கடி மாறுபவை என்பதால், பணம் கட்டும் நாளில் அவரவர் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. லேபிள்களை அமைத்து, ஒரே ஒரு பையரின் அஞ்சல்களை மட்டும் வைத்து மேக்கில் ஒரு சிறிய ஓட்டத்தை உருவாக்கிப் பார்த்தோம். இரண்டு சிக்கல்கள் தென்பட்டன. பையரின் கையொப்பத்தில் உள்ள லோகோக்களும் சமூக ஊடகச் சின்னங்களும் இணைப்புகளாகக் கருதப்பட்டு, ஆர்டர் கோப்புறைக்குள் சிறுசிறு படங்களாக வந்து குவிகின்றன. இரண்டாவதாக, ஒரே ஆர்டருக்கு அளவு, விலை, ஷிப்மெண்ட் தேதி ஆகியவற்றில் திருத்தம் செய்து பையர் மீண்டும் மீண்டும் அனுப்பும்போது, ஷீட்டில் அது புதிய ஆர்டர்போல் ஒவ்வொரு முறையும் ஒரு வரியாகச் சேர்கிறது. இவற்றுக்கு என்ன வழி?

வாய்க்கால் எழுதியது:

முதல் சிக்கல் எளிதில் தீரும். இணைப்பு பி.டி.எஃப்., எக்செல் ஆகிய வகைகளில் ஒன்றாக இருந்தால் மட்டும் மேலே செல்லட்டும் என்று வழியில் ஒரு ஃபில்டர் வையுங்கள். துணி நிறத்தின் ஒளிப்படங்கள் போன்று உண்மையிலேயே தேவைப்படும் படங்கள் வருமானால், குறிப்பிட்ட அளவைவிடப் பெரிய படங்களை மட்டும் அனுமதியுங்கள். கையொப்பச் சின்னங்கள் பெரும்பாலும் சில பத்துக் கிலோபைட்டுகளுக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது சிக்கல்தான் கவனமாக யோசிக்க வேண்டியது. அஞ்சலை ஆர்டராக எண்ணும் வரை இந்தக் குழப்பம் தீராது. ஆர்டர் எண்ணும் திருத்த எண்ணும் சேர்ந்ததே ஒரு பதிவின் அடையாளம் என்று முடிவு செய்யுங்கள். ஓட்டம் எழுதுவதற்கு முன் அந்த ஆர்டர் எண் ஷீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடட்டும். இல்லையென்றால் புதிய வரி. இருந்தால், பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே ‘திருத்தம்’ என்ற குறியுடன் இன்னொரு வரியைச் சேர்த்து, மெர்ச்சண்டைசருக்குத் தனி அறிவிப்பு அனுப்பட்டும். பழைய வரியின் மேல் எழுதிவிடும் ஓட்டத்தை உங்கள் தொழிலில் ஒருபோதும் அமைக்காதீர்கள். எந்த விலைக்கு ஒப்புக்கொண்டோம், எந்தத் தேதியை முதலில் சொன்னார்கள் என்று கப்பல் ஏறும் நேரத்தில் வாதம் வரும்போது அந்தப் பழைய வரிதான் உங்கள் சான்று.

தேதிகளைப் பற்றியும் இப்போதே எச்சரிக்கிறேன். ஐரோப்பிய பையர் 04/03 என்று எழுதினால் மார்ச் 4. அமெரிக்க பையர் அதையே எழுதினால் ஏப்ரல் 3. ஷீட் தன் நாட்டு அமைப்புக்கேற்ப இரண்டில் ஒன்றாக அதைப் புரிந்துகொள்ளும், பிழைச் செய்தி எதுவும் தராது. மாதத்தின் 12ஆம் நாளுக்குப் பிந்தைய தேதிகளில் மட்டும் முரண்பாடு வெளியே தெரியும் என்பதால், தவறு பல வாரங்கள் மறைந்தே இருக்கக்கூடும். ஒவ்வொரு பையருக்கும் அவர் எந்த முறையில் தேதி எழுதுகிறார் என்பதைத் தனி ஷீட்டில் குறித்து, ஓட்டம் அதைப் பார்த்து ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே வரிசைக்கு மாற்றிப் பதியும்படி செய்யுங்கள். கருவியின் நேர மண்டலமும் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உலகப் பொது நேரத்தில் இருந்தால், அதிகாலை ஐந்தரை மணிக்கு முன் வந்த அஞ்சல்கள் முந்தைய நாளின் கணக்கில் விழும்.

கடலடி (கொழும்பு) எழுதியது:

நான் இங்கே ஓர் ஆடை உற்பத்தி நிறுவனத்தில் இருக்கிறேன். நாங்கள் மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துவதால், 2016இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளோ என்ற பெயரில் வந்து 2019இல் பெயர் மாறிய பவர் ஆட்டோமேட்டையே கையாளுகிறோம். அலுவலகம் அவுட்லுக்கில் இருந்தால் வேறு கருவியைத் தேட வேண்டியதில்லை. இணைப்பு அஞ்சலின் உடலுக்குள் பதிக்கப்பட்டதா, தனியே சேர்க்கப்பட்டதா என்பதை அதுவே பிரித்துச் சொல்வதால், மேலே பேசப்பட்ட லோகோச் சிக்கல் ஒரே நிபந்தனையில் தீர்ந்துவிடும்.

இதன் ஒப்புதல் படியைப் பற்றி ஒரு குறிப்பு. ஒரு பில் வந்தவுடன் மேலாளருக்கு ‘ஏற்கிறேன், மறுக்கிறேன்’ என்ற பொத்தான்களுடன் அஞ்சல் சென்று, அவர் அழுத்திய பிறகே ஓட்டம் தொடரும்படி அமைக்கலாம். ஆனால் ஓர் ஓட்டம் 30 நாட்களுக்கு மேல் காத்திருக்காது. மேலாளர் நீண்ட விடுப்பில் சென்றால் அந்த ஒப்புதல்கள் காலாவதியாகிவிடும் என்பதால், சில நாட்களில் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குச் செல்லும் மாற்றுவழியை முதலிலேயே வைத்துவிட வேண்டும்.

ஏற்றப்பாட்டு (சென்னை) எழுதியது:

இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சேமிப்பதையும் பதிவதையும் இயந்திரத்திடம் விடுவது குறித்து எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பையருக்குப் பதில் அனுப்புவதை அதனிடம் விடக்கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு.

இதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, தன் 11ஆம் பிரிவில், ஒருவர் சார்பில் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட தகவல் முறைமை அனுப்பியதும் அவரே அனுப்பியதாகவே கொள்ளப்படும் என்கிறது. மின்னணு வழியில் உருவான ஒப்பந்தம், அந்த வழியில் உருவானது என்ற ஒரே காரணத்தால் செல்லாததாகிவிடாது என்று 2008 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 10அ பிரிவு சொல்கிறது. ஆகவே ‘ஆர்டர் கிடைத்தது, நன்றி, வேலையைத் தொடங்குகிறோம்’ என்று உங்கள் ஓட்டம் அனுப்பும் ஒரு வரி, விலையையும் தேதியையும் யாரும் படித்துப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் நிறுவனத்தின் சொல்லாகிவிடும். ‘கருவி அனுப்பியது’ என்று பின்னர் சொல்வது எடுபடாது.

தறிநிழல் எழுதியது:

ஏற்றப்பாட்டு அவர்களின் கவலையை மதிக்கிறேன், ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, குறிப்பிட்ட முறையில்தான் வேண்டும் என்று அனுப்புநர் கேட்காதபோது, பெறுநரின் தானியங்கிப் பதிலையும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையாக ஏற்கிறது. பெற்றதைச் சொல்வதும் ஏற்றதைச் சொல்வதும் வெவ்வேறு. ஐரோப்பாவில் உள்ள பையர் மாலையில் அனுப்பிய ஆர்டர் போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் வரை அறியாமல் இருப்பதும் வணிகத்துக்கு நல்லதல்ல. ‘உங்கள் அஞ்சல் வந்து சேர்ந்தது. இது ஆர்டரை ஏற்றதாகாது. விலையையும் தேதியையும் பரிசீலித்த பின் உங்கள் மெர்ச்சண்டைசர் தனியே எழுதுவார்’ என்று மூன்றே வாக்கியங்களில் தெளிவாகச் சொன்னால் போதாதா?

ஏற்றப்பாட்டு எழுதியது:

அந்த வாசகத்தை நானும் ஏற்கிறேன். ஆர்டரின் எண்ணையோ அளவையோ விலையையோ அந்தப் பதிலில் எடுத்து எழுதாமல் இருக்கும் வரை அது பாதுகாப்பானது. இருப்பினும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, சுழல். பையரின் பக்கத்திலும் ஒரு தானியங்கிப் பதில் இருந்தால், உங்கள் பதிலுக்கு அதுவும், அதற்கு உங்களதும் என்று அஞ்சல்கள் மாறிமாறிப் பறக்கத் தொடங்கும். இதைத் தடுப்பதற்காகவே 2004இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3834 என்ற நெறிமுறை, தானாக அனுப்பப்படும் அஞ்சலின் தலைப்பில் ‘ஆட்டோ சப்மிட்டட்’ என்ற குறி இருக்க வேண்டும் என்றும், அந்தக் குறியுள்ள அஞ்சலுக்குத் தானியங்கிப் பதில் கூடாது என்றும் வகுத்தது. ஜிமெயிலின் விடுமுறைப் பதில்கூட ஒரே நபருக்கு நான்கு நாட்களுக்குள் இரண்டாம் முறை செல்வதில்லை. நிரலற்ற கருவியில் நீங்கள் சேர்க்கும் ‘அஞ்சல் அனுப்பு’ என்ற படிக்கு இந்த நிதானம் எதுவும் இயல்பாக இருக்காது. ஆகவே யாருக்கு, எப்போது கடைசியாகப் பதில் சென்றது என்று ஒரு ஷீட்டில் எழுதி, அதைப் பார்த்த பிறகே அனுப்பும்படி அமைக்க வேண்டும்.

மற்றொன்று, பெற்றுக்கொண்டதைச் சொல்லும் அந்த ஒரே பதிலைத் தவிர வேறு எந்தப் பதிலும் வரைவாக மட்டுமே உருவாகட்டும். ஜிமெயிலில் வரைவை உருவாக்கும் படி சாப்பியர், மேக், என்8என் மூன்றிலும் உண்டு. மெர்ச்சண்டைசர் காலையில் வந்து வரைவைத் திறந்து, படித்து, ஒரு சொல்லை மாற்றி, அனுப்பும் பொத்தானைத் தம் விரலால் அழுத்தட்டும். தட்டச்சு செய்யும் நேரம் மிச்சமாகிறது. பொறுப்பு அவரிடமே இருக்கிறது.

தறிநிழல் எழுதியது:

வரைவு முறைக்கு எனக்கு மறுப்பு இல்லை.

வாய்க்கால் எழுதியது:

பாதுகாப்பு பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு கருவிக்கு ஜிமெயில் அனுமதி தரும்போது, நீங்கள் ஒட்டிய லேபிளுக்குள் உள்ளவற்றை மட்டும் அது படிக்கும் என்று நினைக்க வேண்டாம். அனுமதி முழு அஞ்சல் பெட்டிக்கும் செல்லும். லேபிள் என்பது நீங்கள் அமைத்த ஓட்டத்தின் எல்லைதான், கருவியின் எல்லையாகாது. ஆகவே முதலாளியின் முகவரியையோ கணக்காளரின் முகவரியையோ இணைக்காதீர்கள். தானியக்கத்துக்கென்று தனி வொர்க்ஸ்பேஸ் கணக்கு ஒன்றை உருவாக்கி, இரட்டைச் சரிபார்ப்பு அமைத்து, தேவையான அஞ்சல்கள் மட்டும் அங்கே வந்து சேரும்படி செய்யுங்கள். ஊழியர் ஒருவரின் பெயரில் இணைத்தால், அவர் வேலையை விட்டுச் செல்லும் நாளில் அவர் கணக்கு மூடப்படும். அதோடு எல்லா ஓட்டங்களும் நின்றுவிடும். கடவுச்சொல்லை மாற்றினாலும் ஜிமெயில் அனுமதி பெற்ற இணைப்புகள் ரத்தாகிவிடும் என்பதால், மாற்றிய அன்றே ஒவ்வோர் இணைப்பையும் மீண்டும் உறுதிப்படுத்துங்கள்.

இன்னொன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று சப்ளையரின் பெயரில் வரும் போலி அஞ்சல்கள் ஏற்றுமதித் தொழிலை அறிந்தவர்களுக்குப் புதியவை அல்ல. சப்ளையரின் உண்மையான பெட்டியையே கைப்பற்றி, பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே எழுதுவார்கள். முகவரியைப் பார்த்து வகைபிரிக்கும் ஃபில்டர் அதை நம்பகமானது என்றே எண்ணும். பில்லில் உள்ள வங்கி விவரத்தை எடுத்து சப்ளையர் பட்டியலைப் புதுப்பிக்கும் படியை எந்தக் காரணத்துக்காகவும் அமைக்காதீர்கள். பட்டியலில் உள்ள கணக்கு எண்ணிலிருந்து பில்லில் உள்ள எண் வேறுபட்டால், ஓட்டம் அங்கேயே நின்று, ஒரு மனிதரை அழைக்க வேண்டும். அந்த மனிதர் அஞ்சலில் கொடுக்கப்பட்ட எண்ணை விட்டுவிட்டு, முன்பே தம்மிடம் உள்ள தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்ய வேண்டும்.

மழைக்குறி (மதுரை) எழுதியது:

இழையின் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மாதக் கட்டணமே இல்லாமல் என்8என்னைச் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம் என்கிறார்களே, அதை ஏன் யாரும் பரிந்துரைக்கவில்லை? மேலும், பி.டி.எஃப். ஆர்டரைச் செயற்கை நுண்ணறிவே படித்து ஷீட்டில் நிரப்பிவிடும் என்கிறார்கள். அதை நம்பலாமா?

தறிநிழல் எழுதியது:

பெர்லினிலிருந்து 2019இல் வெளிவந்த என்8என் மிக நல்ல கருவி. சொந்தச் சர்வரில் நிறுவினால் படிகளுக்கான எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, ஆர்டர் விவரங்கள் கருவி நிறுவனத்தின் கணினிக்குச் செல்வதுமில்லை. ஆனால் சர்வரைப் புதுப்பிப்பது, காப்புப்பிரதி எடுப்பது, நள்ளிரவில் நின்றால் எழுப்புவது எல்லாம் உங்கள் பொறுப்பு. கடவுக்குறிகளை (ஜிமெயில் போன்ற கணக்குகளுக்குள் நுழையும் அனுமதிகளை) பூட்டி வைத்திருக்கும் அதன் மறையாக்கச் சாவியைத் தனியே பத்திரப்படுத்தாமல் சர்வரை இழந்தால், காப்புப்பிரதி இருந்தும் எல்லா இணைப்புகளையும் முதலிலிருந்து அமைக்க வேண்டியிருக்கும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஜிமெயிலை இணைக்க கூகுள் கிளவுடில் உருவாக்கும் திட்டத்தை, வெளிப் பயனாளர்களுக்கான சோதனை நிலையிலேயே விட்டுவிட்டால், அனுமதி ஏழு நாட்களில் காலாவதியாகும். வாரந்தோறும் ஓட்டம் காரணமின்றி நிற்பதுபோல் தோன்றும். வொர்க்ஸ்பேஸ் வைத்திருப்பவர்கள் அந்தத் திட்டத்தை ‘உள் நிறுவனப் பயன்பாடு’ என்று குறித்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. சர்வரைக் கவனிக்க ஒருவர் உள்ள அலுவலகத்துக்கு நான் என்8என்னையே சொல்வேன். நூல்கண்டு அவர்களிடம் அப்படி ஒருவர் இல்லை என்பதால்தான் சொல்லவில்லை.

வாய்க்கால் எழுதியது:

மழைக்குறி அவர்களின் இரண்டாவது கேள்விக்கு: ஒவ்வொரு பையரும் ஒவ்வொரு வடிவத்தில் ஆர்டர் அனுப்பும் தொழிலில், மொழி மாதிரியை, அதாவது நீங்கள் கேட்ட செயற்கை நுண்ணறிவை, கொண்டு விவரங்களைப் பிரித்தெடுப்பது உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் அது தெரியாத இடத்தையும் நம்பும்படியாக நிரப்பிவிடக்கூடியது. எனவே அது எடுத்துத் தந்தவற்றைக் கணக்கால் சோதியுங்கள். எஸ், எம், எல், எக்ஸ்.எல். அளவுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மொத்த எண்ணிக்கை வர வேண்டும். மொத்தத்தை விலையால் பெருக்கினால் ஆர்டரின் மதிப்பு வர வேண்டும். ஷிப்மெண்ட் தேதி ஆர்டர் தேதிக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் ‘பார்வைக்கு’ என்ற நிலையில் பதியட்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் இலக்கங்களை எழுதாமல், கோப்பை மட்டும் இணைத்து ஊழியரிடம் அனுப்பட்டும். கூட்டலும் பெருக்கலும் ஷீட்டின் சூத்திரமே செய்யக்கூடியவை. அவற்றை மாதிரியிடம் கேட்காதீர்கள்.

அஞ்சலின் உள்ளடக்கமே மாதிரிக்குக் கட்டளையாக அமைந்துவிடும் அபாயமும் உண்டு. வெளியார் எழுதிய அஞ்சலைப் படிக்கும் படிக்கு, அஞ்சல் அனுப்பவோ கோப்பை அழிக்கவோ அதிகாரம் தராதீர்கள். படிப்பது ஒரு படி, செய்வது வேறொரு படி என்று பிரித்தே வையுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறேன். ஆர்டர்களைத் தொடாமல், முதலில் ஃபார்வர்டர் அனுப்பும் கப்பல் ஆவணங்களுக்கு மட்டும் ஓட்டத்தை அமைக்கிறோம். அவை சில முகவரிகளிலிருந்து மட்டுமே, ஒரே வடிவத்தில் வருகின்றன. பழைய கைப்பதிவும் ஒரு மாதத்துக்கு இணையாகத் தொடரும். விதிகளை எழுதும் பொறுப்பை இதுவரை இந்த வேலையைச் செய்துவந்த அந்த ஊழியரிடமே கொடுத்திருக்கிறோம், ஏனெனில் எந்தப் பையர் ஆர்டர் எண்ணைப் பொருள் வரியில் எழுத மறப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும். அவருடைய வேலை போய்விடுமோ என்ற அச்சத்தை நிர்வாகம் நேரில் பேசித் தீர்த்திருக்கிறது. மெர்ச்சண்டைசர்களுக்கான அறிவிப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே வருமாறு செய்ய முடியுமா? அத்துடன், ஓட்டம் நின்றுவிட்டால் எப்படித் தெரியும் என்ற என் முதல் கேள்வியும் மீதமிருக்கிறது.

வாய்க்கால் எழுதியது:

ஊழியரிடமே விதிகளை ஒப்படைத்தது மிகச் சரியான முடிவு.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, நீங்கள் இப்போது பயன்படுத்தும் வகைக் குழுவுக்குள் இந்தக் கருவிகள் எழுதுவதற்கு எளிய, முறையான வழி இல்லை. வணிகங்களுக்கான தளத்தில் பதிந்து, முன் ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்திகளைத் தனிநபர்களுக்கு அனுப்பலாம். உங்கள் தேவைக்கு அது அதிகம். வொர்க்ஸ்பேஸில் உள்ள கூகுள் சாட்டில் ஒவ்வொரு பையருக்கும் ஒரு ஸ்பேஸ் (குழு உரையாடல்) திறந்து, அதன் வெப்ஹூக் முகவரியை, அதாவது வெளிக் கருவி செய்தி இடுவதற்கான இணைய முகவரியை, ஓட்டத்தில் கொடுத்தால் செய்தி உடனே வந்து விழும்.

ஓட்டம் பிழையோடு நின்றால் கருவியே அஞ்சல் அனுப்பித் தெரிவிக்கும். அந்த அறிவிப்பு ஒருவருக்கு மட்டும் செல்லாமல் இருவருக்குச் செல்லும்படி பாருங்கள். அதைவிடக் கவலைக்குரியது பிழையே இல்லாமல் நின்றுபோவது. பையரின் நிறுவனம் தன் முகவரியின் பின்பகுதியை மாற்றிக்கொள்கிறது, ஃபில்டருக்கு அந்த அஞ்சல் தெரியவில்லை, லேபிள் ஒட்டப்படவில்லை, ஓட்டம் எதுவும் செய்யாமல் அமைதியாக, ஆரோக்கியமாக இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி எண்ணிப் பார்ப்பதுதான். மாலை ஆறு மணிக்குத் தனியே ஓர் ஓட்டம் இயங்கி, அன்று இணைப்போடு வந்த அஞ்சல்கள் எத்தனை, ‘பதிவானது’ லேபிள் பெற்றவை எத்தனை, ஷீட்டில் சேர்ந்த வரிகள் எத்தனை, எந்த லேபிளும் இல்லாதவை எவை என்று ஒரு சிறு பட்டியலைச் சாட்டில் இடட்டும். அனைத்தும் பூஜ்யமாக இருந்தாலும் அந்தப் பட்டியல் வர வேண்டும். வராத நாளில் எண்ணும் ஓட்டமே நின்றுவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நூல்கண்டு எழுதியது:

இது மிகத் தெளிவாக இருக்கிறது. ஒரு கடைசிக் கேள்வி: எங்கள் பொது முகவரி கூகுள் குரூப்பாக இருக்கிறது. மேக்கில் அதை நேரடியாக இணைக்க முடியவில்லை. எங்கள் அமைப்பில் ஏதும் தவறா?

தறிநிழல் எழுதியது:

தவறு ஏதுமில்லை. குரூப் முகவரிக்கென்று தனி அஞ்சல் பெட்டி கிடையாது. வந்ததை உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்புவதே அதன் முக்கிய வேலை, ஆகவே இணைப்பதற்கு அங்கே கணக்கு எதுவும் இல்லை. வாய்க்கால் அவர்கள் முன்பு சொன்ன தனி வொர்க்ஸ்பேஸ் கணக்கை உருவாக்கி, அதை அந்தக் குரூப்பில் ஓர் உறுப்பினராகச் சேர்த்து, ஒவ்வோர் அஞ்சலும் உடனுக்குடன் வரும்படி சந்தா அமைப்பை வைத்து, லேபிள்களையும் ஃபில்டர்களையும் அந்தக் கணக்கிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊழியர் கையால் லேபிள் ஒட்டுவதற்கு அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைப் பகிர வேண்டாம். ஜிமெயிலின் பிரதிநிதி அணுகல் வழியாக அவருடைய சொந்தக் கணக்கிலிருந்தே அந்தப் பெட்டியைத் திறக்க அனுமதி கொடுக்கலாம். வொர்க்ஸ்பேஸ் நிர்வாகி அட்மின் பக்கத்தில் அந்த வசதியை முதலில் இயக்க வேண்டும்.